கிரியாட்டினின் மட்டும் போதாது: ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு ஒரு திறந்த மடல்

பரிசோதனை நிலையம் நடத்துவோருக்கு வணக்கம்.

சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் உங்கள் ரிப்போர்ட்டில் 1.1 (டெசிலிட்டருக்கு மில்லிகிராம்) என்று வருகிறது. பக்கத்திலேயே 0.6 முதல் 1.2 வரை நார்மல் என்றும் அச்சாகியிருக்கிறது. பார்ப்பவர் நிம்மதியாக மடித்து வைத்துவிடுகிறார். 25 வயது ஆணுக்கு அந்த நிம்மதி நியாயம்தான். அவருடைய இஜிஎஃப்ஆர், அதாவது கிரியாட்டினினை வைத்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டும் திறன், 95ஐ ஒட்டி வரும். அதே 1.1 எழுபது வயது அம்மாவுக்கு வந்தால், இஜிஎஃப்ஆரைக் கணக்கிடும் 2021ஆம் ஆண்டின் சிகேடி-இபிஐ சூத்திரப்படி அது 54தான். இது 60க்குக் கீழே 3 மாதத்துக்கு மேல் நீடித்தால் நாள்பட்ட சிறுநீரக நோய் என்று பெயர். சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக் வலி மாத்திரையை மூட்டுவலிக்கு வாங்கி விழுங்குகிறவர்களில் இந்த வயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று மருந்துக்கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

வயதும் பாலினமும் பில் போடும்போதே உங்கள் கம்ப்யூட்டரில் ஏறிவிடுகின்றன. பெரியவர்களுக்கு இஜிஎஃப்ஆர் கணக்கிட வேறு எதுவும் வேண்டாம், தனிக் கட்டணமும் வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மட்டும் இந்தச் சூத்திரத்தைப் போடாதீர்கள்.

அடுத்தது சிறுநீர். 'முழு உடல் பரிசோதனை' பேக்கேஜில் யூரியா, யூரிக் ஆசிட் எல்லாம் இருக்கும். சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் எவ்வளவு கசிகிறது என்று காட்டும் ஆல்புமின்-கிரியாட்டினின் விகிதம் பெரும்பாலும் இருக்காது. சர்க்கரை நோயில் கிரியாட்டினின் ஏறுவதற்குப் பல வருடம் முன்பே ஆல்புமின் கசியத் தொடங்கலாம். அந்த ஆரம்பக் கசிவு, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் சாதாரண டிப்ஸ்டிக் பட்டையில் தெரியாமல் போகும். சிலர் மைக்ரோஆல்புமினை (சிறிதளவில் கசியும் ஆல்புமின்) மட்டும் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று தருகிறீர்கள். வருகிறவர் ஒரு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் அந்த எண் இறங்கிவிடும். சிறுநீரிலுள்ள கிரியாட்டினினால் வகுத்தால்தான் அந்தக் கோளாறு நீங்கும். ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு ஆல்புமின் 30 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இயல்பு, 300க்கு மேல் கடும் கசிவு. அலகை எழுதாமல் எண்ணை மட்டும் தராதீர்கள்.

டப்பா கொடுக்கும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள்: காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீர், தொடக்கத்தை விட்டுவிட்டு நடுவில் பிடிக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி இருந்தால் தள்ளிப்போடட்டும். கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனைக்கு முதல் நாள் இரவு பிரியாணி வேண்டாம். வெந்த இறைச்சி அதை உயர்த்திக் காட்டும்.

கிரியாட்டினினை எந்த முறையில் அளந்தீர்கள் என்பதையும் அச்சிடுங்கள். ஜாஃபே என்னும் பழைய வேதிவினை முறையில், ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் பொருள்) இருந்தால் எண் கூடும், பிலிருபின் (மஞ்சள் காமாலையில் ஏறும் நிறமி) மிகுந்தால் குறையும். என்சைம் முறையில் இந்தத் தொல்லை குறைவு. ஒரே ஆளுக்கு 1.0, அடுத்த முறை 1.2 என்று வந்தால் நோய் முற்றியதா, முறை மாறியதா என்று மருத்துவர் வேறெப்படிக் கண்டுபிடிப்பார்?

இப்படிக்கு,
அந்த ரிப்போர்ட்டுகளைப் படித்து மருந்து எழுதும் மருத்துவர்கள் சிலர்