22 ஆண்டு செய்தி வாசித்தவருக்கு ஒரு தாள்

வட்டார வானொலி நிலைய இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். எந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன் என்பது தங்களுக்குத் தெரியும். 2003 முதல் தங்கள் நிலையத்தில் மாநிலச் செய்தி வாசித்தவர். மூன்று மாதமாகப் பணிப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதைக்கூட வாய்திறக்காமல் பொறுத்துக்கொண்டார். போன வாரம் பணிச் சான்று கேட்டு வந்தவரிடம், "தற்காலிகமாக வந்து போனவர்களுக்குச் சான்று கொடுக்கும் வழக்கம் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

வந்து போனவர்! விடியற்காலைச் செய்திக்காக நான்கு மணிக்கு எங்கள் தெருமுனையில் ஆட்டோவுக்கு நின்றவரை நான் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் பஸ் கிடையாது. மழையென்றால் ஆட்டோக்காரர் கேட்டதுதான் கூலி. அன்றைய ஊதியத்தில் ஒரு பங்கு அதிலேயே போய்விடும். மீதி கைக்கு வர இரண்டு மாதமும் ஆகும், மூன்று மாதமும் ஆகும். அதுவும் மாதத்துக்கு 6 நாள்தான். ஆண்டுக்குக் கூட்டினால் 72 நாள். ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்குத் தொழிற்சட்டம் சில உரிமைகளைத் தருகிறது. அந்த எண்ணிக்கையின் பக்கத்தில்கூட யாரும் வந்துவிடாதபடி போட்ட கணக்கு இது என்பது என் எண்ணம்.

அவரிடம் காக்கி அட்டை போட்ட ஒரு பழைய நோட்டு இருக்கிறது. 2010-இல் ஐஸ்லாந்து எரிமலை வெடித்து ஐரோப்பாவில் விமானங்கள் நின்றபோது, அந்த மலையின் பெயரை "எய்யா / ஃப்யாட்லா / யோக்குட்ல்" என்று பென்சிலால் துண்டு துண்டாக வெட்டி எழுதியிருக்கிறார். அதே பக்கத்தில் நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள். ஒரு குக்கிராமத்தின் பெயரை அந்த ஊர்க்காரர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள, அங்கே இருக்கும் டீக்கடைக்குத் தன் காசில் போன் போட்டுக் கேட்டவர் அவர். ஆங்கிலத்தில் வரும் செய்தியைத் தமிழாக்குவதும் அவர் வேலைதான். அடித்துத் திருத்தி, மூச்சுவிடும் இடத்தில் கோடு போட்டு, பத்து நிமிடத்துக்குள் அடக்கி வாசிப்பார்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையைக் கடந்தபோது நான் வேதாரண்யத்தில் என் பெற்றோருடன் இருந்தேன். தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. மின்சாரமும் இல்லை, போன் கோபுரமும் இல்லை. அப்பா டிரான்சிஸ்டருக்குப் பேட்டரி மாற்றிப் போட்டார். எந்தச் சாலை திறந்திருக்கிறது, நிவாரண முகாம் எங்கே என்று அக்காவின் குரல்தான் சொன்னது. வாசலில் நின்று கேட்ட பத்துப் பேரில் ஒருவர்கூட அவரை வந்து போனவராக நினைக்கவில்லை.

டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி 2022-இல் மறைந்தபோது, முகம் பார்த்திராதவர்கள்கூடக் கலங்கினார்கள். செய்தி வாசிப்பவரின் பெயர் கேட்பவர் வீட்டில் அப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. வாசித்த வீட்டிலேயே அந்தப் பெயருக்கு இடமில்லை என்றால் எப்படி? குறைந்தபட்ச ஊதியம் உயர்ந்தது, ஓய்வூதியம் உயர்ந்தது, அகவிலைப்படி உயர்ந்தது என்று ஊருக்கெல்லாம் வாசித்த வாய் அது. அவற்றில் ஒன்றுகூட அவர் வீட்டுப் படியேறவில்லை. இந்த நிலையில் அவர் மட்டும் இல்லை என்பதும் தாங்கள் அறிந்ததே. அரசின் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஆண்டுக்கணக்கில் "தற்காலிகமாக" உழைப்பவர்கள் நான்கு பேர் இருக்கிறார்கள். கோபம் வருகிறது ஐயா, மன்னிக்க வேண்டும்.

நான் கேட்க வந்தது ஒரு தாள். ஒரு தனியார் கல்லூரியில் ஊடகத் துறை மாணவர்களுக்கு வாசிப்புப் பயிற்சி தர அவரை அழைத்திருக்கிறார்கள்; அனுபவச் சான்று வேண்டும் என்கிறார்கள். புதிதாக எதையும் தாங்கள் தேட வேண்டியதில்லை. அவர் வந்த ஒவ்வொரு நாளும் தங்கள் பணிப் பதிவேட்டில் இருக்கிறது. ஊதியம் வழங்கிய கணக்கும் தங்களிடமே இருக்கிறது. அதைப் பார்த்து, 2003 முதல் இங்கே செய்தி வாசித்தார், மொழிபெயர்த்தார் என்று இரண்டு வரி எழுதி, நிலைய முத்திரை வைத்துக் கொடுங்கள். வழக்கம் இல்லையென்றால் இவரிலிருந்து தொடங்கட்டும்.

கல்லூரி கொடுத்திருக்கும் கெடு இந்த மாதம் 30-ஆம் தேதி. அதற்குள் அந்தத் தாள் அவர் கைக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நிலையத்தின் நெடுநாள் நேயர்