பொருள்: வீட்டுக்கடன் வாங்கித் தந்ததில் உங்கள் நிறுவனம் செய்த குளறுபடிகள்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை சரவணம்பட்டியில் ஃபிளாட் வாங்க 2025 ஜனவரியில் உங்கள் நிறுவனம் மூலமாக 45 லட்சம் ரூபாய் கடன் எடுத்தேன். போனில் கேட்டால் "பார்த்துச் சொல்றோம் சார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது, அதனால் எழுதியே அனுப்புகிறேன்.

நான் கேட்டது அரசு வங்கிக் கடன். உங்கள் ஊழியர், "பேங்க்ல லீகலுக்கே மாசக்கணக்கா இழுப்பாங்க, இங்க சீக்கிரம் முடிச்சிடலாம், வட்டி ரெண்டும் ஒண்ணுதான்" என்று சொல்லி ஒரு ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில் கையெழுத்து வாங்கினார். வட்டி 8.9 சதவீதம். அன்றைக்கு வேண்டுமானால் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் 2019 அக்டோபரிலிருந்து வங்கிகள் புதிதாகத் தரும் ஃபுளோட்டிங் (வட்டி ஏறி இறங்கும்) வீட்டுக்கடனின் வட்டியை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடுதான் இணைக்க வேண்டும், ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை, அது தன் சொந்த விகிதத்தை வைத்துக்கொள்ளும். இந்த ஒரு வித்தியாசத்தைத்தான் அவர் சொல்லவே இல்லை. 2025 ஜனவரியில் 6.50 சதவீதமாக இருந்த ரெப்போ டிசம்பரில் 5.25க்கு வந்துவிட்டது. அதே அபார்ட்மெண்டில் வங்கியில் கடன் வாங்கியவருக்கு வட்டி அதற்கேற்பக் குறைந்திருக்கிறது. எனக்கு 0.25 சதவீதம்தான் குறைந்தது, அதுவும் நான் கேட்டுக் கேட்டு.

வட்டியாவது பரவாயில்லை, இன்சூரன்ஸ் கதைதான் பெரிய கொடுமை. கடன் கணக்கைப் பார்த்தால் 45 லட்சத்துக்கு மேல் 1,38,000 ரூபாய் ஏறியிருக்கிறது, கேட்டால் மொத்தத்தையும் ஒரே தடவையில் கட்டும் சிங்கிள் பிரீமியம் பாலிசியாம். "இது இல்லாம லோன் பாஸ் ஆகாது சார், எல்லாருக்கும் போடறதுதான்" என்கிறார். கடன் வாங்க அப்படி ஒரு சட்டம் கிடையாது. அந்தத் தொகையும் 20 வருட இ.எம்.ஐ.யில் சேர்ந்ததால் மாதம் 1,230 ரூபாய்க்கு மேல் போகிறது, 8.9 சதவீதத்தில் கடைசி வரை கட்டினால் கிட்டத்தட்ட 3 லட்சம். பாலிசியை ரத்து செய்யலாம் என்று போனால், அதில் இருக்கும் மெயில் முகவரி உங்கள் ஊழியருடையது! பாலிசி என் கைக்கு வந்த நாளிலிருந்துதான் வேண்டாமென்றால் திருப்பித் தருவதற்கான 30 நாள் ஃப்ரீ லுக் காலம். இன்றுவரை எனக்கு அது வரவில்லை, ஆகவே காலம் முடிந்துவிட்டது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

2024 அக்டோபர் 1-க்குப் பிறகு தரும் கடனுக்கு, செலவெல்லாம் சேர்த்து வருட விகிதம் போட்ட முக்கிய விவர அறிக்கையைக் கையெழுத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்தத் தாள் என் கண்ணில் படவே இல்லை.

அப்புறம் "ஃபைல் சார்ஜ்" 15,000 ரூபாய். ஊழியரின் சொந்த ஜிபே நம்பருக்குப் போனது, ரசீது இல்லை. கடன் கொடுத்த கம்பெனியிடமும் கமிஷன், என்னிடமும் காசு, இது எந்த ஊர் நியாயம்? என்னைக் கேட்காமலே வேறு சில இடங்களுக்கும் விண்ணப்பம் போயிருக்கிறது, சிபில் (கடன் வரலாறு) அறிக்கையில் அந்த விசாரணைகள் வரிசையாக நிற்கின்றன.

வங்கிக்கு மாற்றப் போகிறேன் என்றதும் 2 சதவீதம் அபராதம் என்று பயமுறுத்துகிறார். தனிநபர் ஃபுளோட்டிங் வீட்டுக்கடனை முன்கூட்டி அடைக்க அபராதம் வாங்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியாதா? மறுபடி எம்.ஓ.டி. (வீட்டுப் பத்திர அடமானம்) பதிவு, லீகல், வேல்யூவேஷன் என்று எனக்குத் தனிச் செலவு இருக்கிறது, அது போதும்.

எனவே 15,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். பாலிசியை ரத்து செய்து பிரீமியத்தைக் கடன் அசலில் கழிக்க எழுத்துப்பூர்வமாக ஏற்பாடு செய்யுங்கள். என் ஆதார், பான், சம்பளச் சீட்டு எங்கெல்லாம் போனது என்ற பட்டியலும் வேண்டும். இதன் நகல் கடன் கொடுத்த கம்பெனிக்கும் போகிறது, ஏஜெண்ட் செய்வதற்கு அவர்களும் பொறுப்பு. 30 நாளில் முடியாவிட்டால் அவர்கள் மீது தேசிய வீட்டுவசதி வங்கியில் புகார் பதிவாகும்.

போன் வேண்டாம், பதிலை மெயிலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சரவணம்பட்டி, கோவை