வேகத்தை இரண்டு முறை விற்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

இணைப்பு தரும் நிறுவனம் எல்லா இணையதளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்ற இணையச் சமநிலை பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, "அதிகப் பணம் கொடுப்பவருக்கு அதிக வேகம் கிடைத்தால் என்ன தவறு?" என்ற கேள்வியோடு முடிந்திருந்தது. கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்குள் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன.

ஒருவர் 50 எம்பிபிஎஸ் (நொடிக்கு 50 மெகாபிட்) வேக இணைப்பு வாங்குகிறார், இன்னொருவர் கூடுதல் பணம் கட்டி 200 எம்பிபிஎஸ் வாங்குகிறார். இணையச் சமநிலை வேண்டும் என்பவர்கள் இதை எதிர்க்கவில்லை. அந்த 50-க்குள் எந்த இணையதளம் சட்டென்று வர வேண்டும், எது இழுத்துக்கொண்டு வர வேண்டும் என்பதை இணைப்பு தரும் நிறுவனம் தீர்மானிக்கக் கூடாது என்கிறார்கள். அந்த வேகத்துக்கு வாடிக்கையாளர் ஏற்கெனவே பணம் கட்டிவிட்டார். அதையே இணையதளத்திடம் இன்னொரு முறை விற்பது என்ன நியாயம்?

"யாரையும் மெதுவாக்க மாட்டோம், சிலருக்கு மட்டும் வேகத்தைக் கூட்டுவோம்" என்று இணைப்பு தரும் நிறுவனங்கள் சொல்லும். நெரிசல் இல்லாதபோது எல்லோருடைய தரவும் உடனே போய்விடும், முன்னுரிமைக்கு வேலையே இல்லை. நெரிசல் இருக்கும்போது ஒருவரை முன்னால் விட்டால் இன்னொருவர் காத்திருந்தே ஆக வேண்டும். அப்படியானால் முன்னுரிமை விலைபோவதற்கு நெரிசல் இருந்துகொண்டே இருக்க வேண்டும். வலைப்பின்னலை விரிவாக்க வேண்டியவருக்கே, விரிவாக்காமல் இருப்பதில் லாபம் வந்துவிடுகிறது. என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான்.

அமெரிக்காவில் இணைய இணைப்பு தரும் காம்காஸ்ட் நிறுவனம், பயனர்கள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் பிட்டோரண்ட் இணைப்புகளில் குறுக்கிட்டது 2007-ல் அம்பலமானது. அது நேரடியான தலையீடு, அதனால் பிடிபட்டது. அதன்பின் 2013 இறுதியில் நடந்ததைப் பாருங்கள். காம்காஸ்ட் வாடிக்கையாளர்களுக்கு நெட்ஃபிளிக்ஸ் வேகம் சரிந்துகொண்டே போனது. இரண்டு தரப்பு வலைப்பின்னல்களும் சந்திக்கும் இடங்களில் நெரிசல். 2014 பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ் காம்காஸ்டுக்குப் பணம் தர ஒப்பந்தம் போட்டதும் வேகம் மளமளவென்று ஏறியது. யார் மேல் தப்பு என்று இரு தரப்பும் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை, அது இருக்கட்டும். யாரும் எதையும் தடுக்காமலேயே, இணைப்பு முனையை அகலப்படுத்தாமல் விட்டாலே ஒரு தளம் முடங்கிவிடும் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. பார்ப்பவருக்கு இது தெரியவே வராது. 'இந்த சைட் சரியில்லை' என்று மூடிவிட்டு வேறு தளத்துக்குப் போய்விடுவார். நெட்ஃபிளிக்ஸால் பணம் கொடுத்து மீள முடிந்தது. இரண்டு பேர் சேர்ந்து நடத்தும் செய்தித்தளமோ, புதிதாகத் தொடங்கிய வீடியோ சேவையோ என்ன செய்யும்?

பெரிய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் சர்வர் வைத்து ஏற்கெனவே வேகமாகத்தானே இருக்கின்றன, பிறகு எங்கே சமநிலை என்றும் சிலர் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஆனால் அந்த நிறுவனங்கள் தங்கள் தரவைப் பயனருக்கு அருகில் கொண்டுவந்து வைக்கின்றன, அவ்வளவே. தூரம் குறைவதால் வேகம் கூடுகிறது. அதற்காக வேறொருவருடைய தரவு வரிசையில் பின்னுக்குப் போவதில்லை.

இப்போது இதே கோரிக்கை 'நியாயப் பங்கு' என்ற பெயரில் வருகிறது: அதிகத் தரவு அனுப்பும் தளங்கள் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குப் பணம் தர வேண்டுமாம். தென்கொரியா இந்த வழியில் வெகுதூரம் போன நாடு. அங்கே வலைப்பின்னல் கட்டணம் பெரும்பாலான நாடுகளைவிடப் பத்து மடங்கு என்று சொல்லி, நேரலை வீடியோ தளமான ட்விட்ச் முதலில் வீடியோ தரத்தைக் குறைத்தது, அப்புறம் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டில் சேவையையே மூடிவிட்டது. அமேசானுக்குச் சொந்தமான நிறுவனத்துக்கே இந்தக் கதி. அந்தத் தரவை வலிய அனுப்பியது ட்விட்ச் இல்லை, கேட்டு வாங்கியது பயனர்கள் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

விதிகள் எங்கே எழுதப்படுகின்றன என்பதும் முக்கியம். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல் சமநிலை விதிகளைக் கொண்டுவந்தது, 2017-ல் நீக்கியது, 2024-ல் மீண்டும் கொண்டுவந்தது. 2025 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம், ஆணையத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்று ரத்து செய்துவிட்டது. ஆட்சி மாறும்போதெல்லாம் விதியும் மாறினால் யாரை நம்பி ஒருவர் புதிய தளம் தொடங்குவார்? சிலி 2010-லேயே இதைச் சட்டமாக்கியது. மற்ற நாடுகளும் நாடாளுமன்றத்தில் வைத்தே நிறைவேற்ற வேண்டும். கூடவே, இணைப்பு முனைகளில் எந்த நேரத்தில் எவ்வளவு நெரிசல் இருந்தது என்ற அளவீட்டை நிறுவனங்கள் மாதந்தோறும் பொதுவில் வெளியிட வேண்டும் என்ற பிரிவும் அந்தச் சட்டத்தில் இருக்க வேண்டும். உங்கள் இதழ் அடுத்த கட்டுரையில் அந்தப் பிரிவை எடுத்துப் பேசினால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்