ஏழாவது சீசன் வருகிறது, மகள்

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? நேற்று ஃபோனில் கதைக்கும்போது நீ வார்டுக்கு ஓடிக்கொண்டிருந்தாய். சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கவில்லை. வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகத் தட்டுவதை விட ஒரேயடியாக எழுதி அனுப்புகிறேன். வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

விஷயம் 'லைன் ஆஃப் டியூட்டி'தான், ஊழல் பொலிஸ்காரர்களைப் பிடிக்கும் ஏசி-12 பிரிவைப் பற்றி நாம் பார்த்துவந்த பிபிசி நாடகம். ஏழாவது சீசன் வரும் என்று பிபிசி 2025 நவம்பரில் உறுதியாகச் சொல்லிவிட்டது. ஆறு எபிசோட். மார்ட்டின் காம்ப்ஸ்டன், விக்கி மெக்லூர், ஏட்ரியன் டன்பார் மூன்று பேரும் திரும்ப வருகிறார்கள், எழுதுவது அதே ஜெட் மெர்கூரியோ. படப்பிடிப்பு 2026 வசந்தத்தில், நீ இருக்கும் பெல்ஃபாஸ்டிலேயே. முதல் சீசனை மட்டும்தான் பர்மிங்ஹாமில் எடுத்தார்கள், இரண்டாவதிலிருந்து எல்லாம் உன் ஊர்தான். பெட்ஃபோர்ட் வீதியில் இருக்கும் அந்தக் கண்ணாடிக் கட்டடத்தைத்தான் ஏசி-12 அலுவலகம் என்று நாங்கள் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கே போய் இவ்வளவு நாளாகிறது, ஒரு படம்கூட எடுத்து அனுப்பவில்லை நீ. அனுப்பு.

கதையைப் பற்றி அவர்கள் வெளியிட்டது கொஞ்சம்தான். ஏசி-12 கலைக்கப்பட்டு, வேறு பெயரில் ஒரு பொலிஸ் கண்காணிப்புப் பிரிவாக மாறியிருக்கிறது. டொமினிக் கஃப் என்று ஒரு இன்ஸ்பெக்டர். குற்றக் கும்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்துப் பெயர் வாங்கியவர், எல்லாருக்கும் பிடித்த ஆள். அவர் தன் பதவியைப் பயன்படுத்திப் பெண்களிடம் தவறாக நடந்தார் என்று குற்றச்சாட்டு. இது வரைக்கும் நல்ல கதை. அதற்குப் பிறகு ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: இந்த வழக்கே, மறைவில் இருக்கும் இன்னும் பெரிய ஆபத்திலிருந்து கவனத்தைத் திருப்புவதற்காக இருக்குமோ என்று. அந்த வரியை வாசித்ததிலிருந்து எனக்கு மனம் சரியில்லை.

ஏன் என்று சொல்கிறேன். ஆறாவது சீசனின் கடைசி எபிசோட் உனக்கு ஞாபகம் இருக்கும். 2021 மே 2, ஞாயிறு இரவு. லாக்டவுனால் நீ கல்லூரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த காலம். அன்று இரவு நாட்டில் ஒரு கோடியே 28 இலட்சம் பேர் பார்த்தார்கள். அத்தனை பேரும் வருடக்கணக்காகக் காத்திருந்தது ஒரே கேள்விக்குத்தான். பொலிஸுக்குள் இருந்துகொண்டு குற்றக் கும்பலை நடத்தும் 'எச்' யார்? கும்பலுக்கு வேலை செய்த பொலிஸ்காரன் டாட் காட்டன் சாகும்போது விரலால் தட்டிய நான்கு புள்ளிகள் ('எச்' எழுத்தின் மோர்ஸ் குறி) நான்கு பேர் என்றால், நான்காவது ஆள் யார்? கதவு திறந்து உள்ளே வந்து உட்கார்ந்தது இயன் பக்கிள்ஸ். முதல் சீசனிலிருந்து மூலையில் நின்றுகொண்டிருந்த, கோப்பைத் தொலைக்கிற, ஒரு சொல்லைக்கூட எழுத்துப்பிழை இல்லாமல் எழுதத் தெரியாத அந்தப் பொலிஸ் அதிகாரி. அந்த எழுத்துப்பிழைதான் கடைசியில் அவனைக் காட்டியும் கொடுத்தது.

நீ ரிமோட்டை சோஃபாவில் எறிந்துவிட்டு, "இதற்குத்தானா அப்பா இவ்வளவு காலம் காத்திருந்தோம்" என்று கேட்டாய். அடுத்த நாள் பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதின. நான் அன்றும் ஒத்துக்கொள்ளவில்லை, இன்றும் இல்லை. அந்த நாடகத்திலேயே துணிச்சலான முடிவு அதுதான். பெரிய மூளைக்காரன் ஒருவன் மேலே இருந்து கயிறு இழுக்கிறான் என்றால் நமக்கு ஒரு நிம்மதி. அவனைப் பிடித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். ஆனால் பக்கிள்ஸ் மாதிரி ஒருவன் பதவி உயர்ந்துகொண்டே போனான் என்றால், அவனை உயர்த்தியவர்கள் யார்? அவனுடைய களவை மொக்குத்தனம் என்று நினைத்து, "சரி, விடுங்கோ" என்று கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும்தான். அவர்களில் முக்கால்வாசிப் பேர் காசு வாங்கவில்லை. தங்களுக்குத் தலையிடி வரக்கூடாது என்று மட்டும் பார்த்தார்கள். அவர்களை எப்படிக் கைது செய்வது?

நேரம் கிடைத்தால் முதல் சீசனின் முதல் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார். பயங்கரவாதத் தடுப்புப் பிரிவு ஒரு ஃபிளாட்டுக்குள் புகுகிறது. கதவிலக்கம் கழன்று தலைகீழாகத் தொங்கியதால் அது தவறான வீடு. ஒரு பாவமும் அறியாத மனிதனைச் சுட்டுவிடுகிறார்கள். மேலதிகாரி ஆஸ்போர்ன் எல்லாரையும் கூப்பிட்டு, ஒரே மாதிரிப் பொய் சொல்லச் சொல்கிறான். ஸ்டீவ் ஆர்னட் ஒருவன் மட்டும் மாட்டேன் என்கிறான். அதனால்தான் அவனை ஏசி-12 தலைவர் ஹேஸ்டிங்ஸ் தன் பிரிவுக்கு எடுக்கிறார். அதே ஆஸ்போர்ன் ஆறாவது சீசனில் யாராக வருகிறான்? சீஃப் கான்ஸ்டபிள். மைக்கின் முன்னால் நின்று, நிறுவனத்துக்குள் ஊழலே இல்லை என்கிறான். நீ 'எச்' யார் என்று தேடிக்கொண்டிருந்தாய். 2012இல் வந்த முதல் எபிசோட்டிலேயே பதில் கிடந்தது. அந்தப் பொய்யைச் சொல்லச் சொன்னவனுக்கு ஒன்றும் நடக்கவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அந்தக் காட்சி வானத்திலிருந்து விழுந்ததல்ல. 2005 ஜூலை 22, ஸ்டாக்வெல் ஸ்டேஷனில் பிரேசில்காரப் பையன் ஒருவனைத் தற்கொலைக் குண்டுதாரி என்று நினைத்து லண்டன் பொலிஸ் ரயிலுக்குள் வைத்தே சுட்டது. இந்த நாடகத்துக்குத் தூண்டுதல் அந்தச் சம்பவம்தான் என்று மெர்கூரியோவே சொல்லியிருக்கிறார். நீ அப்போது சின்னப்பிள்ளை. டூட்டிங்கிலிருந்து அதே நார்தர்ன் லைனில்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். கறுத்த தோல், முதுகில் பை, அவசரமாகப் படியில் இறங்கும் ஆள். அந்த வாரம் ரயிலில் என்னைப் பார்த்தவர்களின் கண்ணை நான் மறக்கவில்லை. பையைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன், உள்ளே சாப்பாட்டுப் பெட்டி தெரியட்டும் என்று.

அப்பாவுக்கு ஒரு டிவி நாடகத்தில் ஏன் இவ்வளவு அக்கறை என்று உன் தம்பி கேட்கிறான். அவனுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது நான் சின்னப் பையன். பொலிஸ்காரர்கள் என்ன செய்தார்கள் என்று ஊருக்கே தெரியும். அதற்காக எவனும் கோர்ட்டுப் படியேறித் தண்டனை வாங்கவில்லை. பொலிஸ் செய்த அநியாயத்தைப் பொலிஸிடமே போய் முறையிடுவதா என்று எங்கள் ஆட்கள் முறையிடுவதையே விட்டுவிட்டார்கள். அப்படி வளர்ந்த ஒருவனுக்கு, பொலிஸைக் கூப்பிட்டு மேசைக்கு முன்னால் இருத்தி, "இந்தப் படத்தில் இருப்பது யார்?" என்று கேட்கிற காட்சி சும்மா பொழுதுபோக்கு இல்லை. நீ இப்போது இருக்கும் ஊருக்கும் இது நன்றாக விளங்கும். வட அயர்லாந்தில் ஆர்யூசி என்ற பழைய பொலிஸ் படையை மாற்றி 2001இல் புதிய பொலிஸ் சேவையை உண்டாக்கினார்கள். அதற்கு ஒரு வருடம் முந்தியே, முறைப்பாடுகளை விசாரிக்க பொலிஸுக்கு வெளியே தனி ஒம்புட்ஸ்மன் அலுவலகம் வந்துவிட்டது. இரத்தம் சிந்தி வாங்கியது அது. ஹேஸ்டிங்ஸ் அந்தப் பழைய ஆர்யூசியில் இருந்த கத்தோலிக்கர் என்று கதையில் வைத்ததும், அந்த வேடத்தில் எனிஸ்கிலனில் பிறந்த டன்பார் நடிப்பதும், பெல்ஃபாஸ்டிலேயே படம் எடுப்பதும் எனக்கு ஒன்றோடொன்று பொருந்தித்தான் தெரிகிறது.

இன்னொன்று, ரயன் பில்கிங்டன். முதல் சீசனில் சைக்கிளில் சுற்றும் ஒரு பொடியன். கும்பலின் எடுபிடி. ஸ்டீவைக் கட்டிவைத்திருக்கும்போது அவன் விரலை வெட்ட வருவானே, அவன். அன்று அவனைத் தூக்கி எடுத்துப் படிக்கவைக்க ஒருவரும் இல்லை. கும்பல் மட்டும் அவனைக் கைவிடவில்லை. வளர்த்து, பொலிஸ் பயிற்சிக்கு அனுப்பி, ஆறாவது சீசனில் சீருடையோடு கொண்டுவந்து நிறுத்தியது. நடித்ததும் அதே பையன்தான், கிரெகரி பைப்பர், நம் கண் முன்னாலேயே வளர்ந்தவன். பெற்ற பிள்ளைகள் இருக்கிறவனுக்கு அந்தக் கதை 'எச்' யார் என்பதை விடப் பயங்கரம். மெர்கூரியோவின் கெட்டித்தனம் இப்படிப் பொறுமையாக விதைத்து அறுப்பதில் இருக்கிறது. இரகசியத் தலைவன் ஒருவனைக் கடைசியில் கொண்டுவந்து நிறுத்துவதில் இல்லை. அதைத்தான் ஏழாவதிலும் எதிர்பார்க்கிறேன்.

கஃப் வழக்குக்கு வருகிறேன். ஆறாவது சீசன் ஓடத் தொடங்கியது 2021 மார்ச் 21. அதே மாதம் 3ஆம் திகதிதான் கிளாப்பம் பக்கத்தில் இரவு வீட்டுக்கு நடந்துபோன பெண்ணை, லண்டன் பொலிஸில் வேலை பார்த்த ஒருவன் தன் அடையாள அட்டையைக் காட்டி, கைது செய்வதாகப் பாவனை பண்ணிக் காரில் ஏற்றிக் கொண்டுபோய்க் கொன்றான். நம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் அது? அந்த வாரங்களில் நீ கடைக்குப் போனாலும் அம்மா வாசலிலேயே நின்றாள். 2023இல் லூயிஸ் கேசி விசாரித்து அறிக்கை கொடுத்தபோது, லண்டன் பொலிஸ் நிறுவன ரீதியாகவே இனவாதமும் பெண் வெறுப்பும் ஊறிப்போனது என்று எழுதினார். ஆகவே இந்தக் கதையைத் தொட்டது சரி. ஆனால் தொட்டுவிட்டு, "இது வெறும் திசைதிருப்பல், உண்மையான வில்லன் வேறு" என்று நகர்ந்துவிட்டால் நான் பொறுக்கமாட்டேன். அந்தப் பெண்களுக்கு நடந்தது வேறொரு பெரிய கதைக்குப் போகும் வழியாக ஆகிவிடக் கூடாது. அதுவே கதையாக இருக்கவேண்டும்.

அவர்களால் அது முடியும் என்று நம்புகிறேன், அந்த விசாரணை அறையை வைத்தே நம்புகிறேன். நீளமான மேசை, கண்ணாடிச் சுவர், தண்ணீர்க் குவளைகள், ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் குற்றம் சாட்டப்பட்டவரும் சட்டத்தரணியும். பதிவுக் கருவியை அழுத்தியதும் அந்த நீளமான 'பீப்'. நிற்கவே நிற்காது போல ஒலிக்கும். அந்த நேரத்தில் ஒருவரும் கதைக்கமாட்டார்கள், கண்கள் மட்டும் அசையும். தன்னை விட ஒரு பதவியாவது உயர்ந்தவர்தான் தன்னை விசாரிக்கவேண்டும் என்று அதிகாரிக்கு உரிமை இருப்பதால், யார் கேள்வி கேட்பது என்பதே ஒரு சண்டையாகும். பிறகு இருபது நிமிடத்துக்கு மேலாக துப்பாக்கியும் இல்லை, துரத்தலும் இல்லை, கோப்பும் படமும் கேள்வியும்தான். இரண்டாவது சீசனில் கீலி ஹாஸ் லிண்ட்ஸி டெண்டனாக அந்த நாற்காலியில் இருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு வேறு குற்ற நாடகம் எதுவும் பிடிக்காமல் போயிற்று. முகத்தில் ஒரு தசை அசையாது, ஆனால் அவள் பொய் சொல்கிறாளா, பயப்படுகிறாளா என்று மாறி மாறி நினைக்க வைத்தாள். முறைப்பாடு செய்த பெண் ஒருத்தியை இந்த முறை அந்த மேசையில் இருத்தி, அவசரப்படாமல், முழுவதும் கேட்கட்டும். அந்த இருபது நிமிடத்தை அவளுக்குக் கொடுக்கட்டும்.

ஹேஸ்டிங்ஸ் பற்றியும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. நீ அவருடைய ஆள், கோபிக்காதே. கும்பலுக்குள் ஒரு பொலிஸ்காரன் இருக்கிறான் என்று சிறையில் வாய்விட்டவர் அவர். அந்தப் பொலிஸ்காரன் ஜான் கார்பெட் செத்தது அதனால்தான். ஆறாவதின் முடிவில் அதை மேலதிகாரி கார்மைக்கேலிடம் தானாகவே ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொண்ட மனிதனை அப்படியே பழைய நாற்காலியில் கொண்டுவந்து இருத்திவிட்டு, "ஜீசஸ், மேரி அண்ட் ஜோசப்" என்ற தன் வழக்கமான வசனத்தைச் சொல்லவைத்து நம்மைச் சந்தோசப்படுத்தினால் போதாது. ஏசி-12இன் அதிகாரம் இதற்கு முன் இவ்வளவு பலவீனமாக இருந்ததில்லை என்று திரையில் எழுத்து வந்ததோடு அந்த சீசன் முடிந்தது. அவர் சொன்ன உண்மைக்கு அவர் கொடுத்த விலையை இதில் காட்டவேண்டும்.

உனக்குப் பிடிக்கும் ஒரு விஷயம் சொல்கிறேன். மெர்கூரியோ முந்தி ஆஸ்பத்திரி டொக்டர். வேலை செய்துகொண்டிருக்கும்போதே 1994இல் 'கார்டியாக் அரெஸ்ட்' என்ற நாடகத்தைப் புனைபெயரில் எழுதினார், இளம் டொக்டர்கள் தூக்கமில்லாமல் படும் பாட்டை. பொலிஸ் நாடகத்தில் சுருக்கெழுத்துகளாகக் கொட்டிவிட்டு ஒன்றையும் விளக்காமல் போகிறாரே, அந்தப் பழக்கம் வார்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கவேண்டும். நீ ஃபோனில் உன் சிநேகிதியோடு கதைப்பதைக் கேட்டால் எனக்கு அப்படித்தான் இருக்கிறது. தவறு நடந்தால் மேலே சொல்லத் தயங்கும் வழக்கம் உங்கள் தொழிலிலும் உண்டென்று நீயே சொன்னாய். அப்படி ஒரு கட்டம் உனக்கு வந்தால் எந்த நேரமென்றாலும் எனக்கு ஃபோன் எடு. இரவு இரண்டு மணி என்றாலும் எடு.

ஒளிபரப்புத் திகதி வந்தவுடன் சொல்கிறேன். கடைசி எபிசோட்டுக்காவது லீவு கேட்டு டூட்டிங்குக்கு வா. தனித்தனியாகப் பார்த்துவிட்டு மெசேஜில் சண்டை பிடிப்பது எனக்குச் சரிவராது. தம்பியை அந்த ஞாயிறு எங்கும் போகவேண்டாம் என்று இப்போதே சொல்லிவிட்டேன். அம்மா ஆட்டிறைச்சிக் கறியும் புட்டும் வைப்பதாகச் சொல்கிறாள், எட்டு மணிக்கே சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்பது மட்டும் கண்டிப்பு. அதற்குள் முதல் சீசனை நீ திரும்பப் பார்த்து முடி. பார்த்துவிட்டு பக்கிள்ஸ் பற்றி இன்னும் அதே கருத்துத்தானா என்று எழுது.

அன்புடன்,
அப்பா