ரசாயனம் போடாத புகையிலையும் புகையிலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில், அமெரிக்காவின் ஆர்கானிக் சிகரெட்டை முன்வைத்து இயற்கைப் புகையிலை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ரசாயன உரமும் பூச்சிமருந்தும் படாத இலை, கம்பெனிச் சரக்கைப் போல உடம்பைக் கெடுக்காது என்ற தொனி அதில் முதலிலிருந்து கடைசி வரை ஓடுகிறது. நான் பாம்பனில் மளிகைக் கடை வைத்திருப்பவன். வெற்றிலை பாக்கோடு புகையிலையும் விற்கிறேன். எனவே உத்தமன் வேடம் போட வரவில்லை. ஆனால் இந்தத் தொனி எங்கள் கரையில் யார் காதில் எப்படி விழும் என்பது எனக்குத் தெரியும்.

இங்கே ஆர்கானிக் சிகரெட்டைத் தேடி யாரும் வரப்போவதில்லை. இரவெல்லாம் வலை இழுப்பவருக்குக் காற்றிலும் சாரலிலும் பீடி பற்றாது. அவருக்கு வேண்டியது கட்டுப் புகையிலை. ஒரு துண்டைக் கிள்ளி, நடு நரம்பை உரித்து எறிந்துவிட்டு, சுண்ணாம்பைக் கட்டைவிரலால் தேய்த்துச் சுருட்டிக் கடைவாயில் அதக்கிக்கொள்வார். பசியும் தூக்கமும் தள்ளிப்போகும். ஏன் அண்ணே இது என்று கேட்டால், "பாக்கெட்டில் வருவதில்தான் மருந்து கலக்கிறார்கள், இது வெறும் இலைதானே" என்பார். அப்பா காலத்துப் பழக்கம் என்றும் சேர்த்துக்கொள்வார். இப்போது அவருக்குப் பத்திரிகைச் சான்றிதழும் கிடைத்துவிட்டது.

அந்த வெறும் இலையில் இருக்கும் நிகோடின், தன்னை மேய வரும் பூச்சியைக் கொல்லச் செடி தானே வேரில் உண்டாக்கி இலைக்கு ஏற்றும் நஞ்சு. இதை நன்றாக அறிந்தவர்கள் இயற்கை விவசாயிகள்தாம். அவர்கள் காய்ச்சும் அக்னி அஸ்திரத்தில் கோமியம், வேப்பிலை, பூண்டு, பச்சை மிளகாயோடு புகையிலையும் சேர்கிறது. புழு சாவதற்காகச் சேர்ப்பது. அமெரிக்க அரசின் இயற்கை வேளாண் விதிகளோ ஒரு படி மேலே போய், புகையிலைத் தூளைப் பயிர்மீது பூச்சிமருந்தாகப் போடவே தடை விதித்திருக்கின்றன. கத்தரிச் செடிக்கு ஆகாதது கடைவாய்க்கு ஆகுமா?

வாய்ப்புற்றை உண்டாக்கும் நைட்ரோசமின்களும் உரமூட்டையிலிருந்து நேரே வருபவை அல்ல. பறித்த இலையை உலர்த்தி, அடுக்கிப் புழுங்கவைக்கும்போது நுண்ணுயிர்களின் வேலையால் நிகோடினிலிருந்தும் இலையிலேயே உள்ள அதன் இனப் பொருள்களிலிருந்தும் பெரும்பாலும் உருவாகின்றன. சாணம் போட்டு வளர்த்த இலையும் இந்தப் பக்குவத்துக்குத் தப்புவதில்லை. கொளுத்தினால் தாரும் கார்பன் மோனாக்சைடும் கூடுதல். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, புகைப்பதையும் மெல்லுவதையும் புற்றுநோய்க் காரணிகளின் முதல் வகுப்பில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியானவற்றோடுதான் வைத்திருக்கிறது. புகையிலை சேராத வெறும் பாக்குக்கும் அதே இடம்தான். தாம்பூலப் பிரியர்கள் என்னைக் கோபித்துப் பயனில்லை.

பூச்சிமருந்து தெளிக்காத வயல் அங்கே பாடுபடுகிறவருக்கு நல்லது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ஈர இலையை ஒடிக்கிறவருக்குத் தோல் வழியாக நிகோடின் ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வருவது அந்த வயலிலும் உண்டு.

கட்டுரையாளர் அமெரிக்கக் கதையின் பின்பாதியையும் சொல்லியிருக்கலாம். 'அமெரிக்கன் ஸ்பிரிட்' சிகரெட்டைத் தயாரிக்கும் நிறுவனம், 2010இல் பல மாநிலங்களின் தலைமை வழக்கறிஞர்களோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஆர்கானிக் புகையிலை என்பதால் சிகரெட் பாதுகாப்பானதாகிவிடாது என்று தன் விளம்பரத்திலேயே அச்சிட வேண்டியதாயிற்று. 'இயற்கையானது', 'சேர்மானம் இல்லாதது' என்று போட்டதற்காக 2015இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் அதே நிறுவனத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

நம் ஊரில் 2016 முதல் பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவீத இடத்தில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. என் கடையிலோ இலையைக் கட்டிலிருந்து உருவி, பழைய செய்தித்தாளில் மடித்துக் கொடுக்கிறோம். வாங்குகிறவர் அந்தப் படத்தைப் பார்ப்பதே இல்லை. சில்லறை இலைக்கும் அச்சிட்ட உறை வேண்டும் என்று அரசு கட்டாயப்படுத்தினால், கடைக்காரர்களில் நான் முணுமுணுக்க மாட்டேன்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலை பின்னிக்கொண்டும் படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டும் ஆட்கள் துறைமுகத்திலேயே கிடைப்பார்கள். வாய்க்குள் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பல் மருத்துவரும் டார்ச் விளக்கும் போதும். பாம்பன், மண்டபம், தொண்டி என்று இறங்குதளத்துக்கே வந்து முகாம் போடச் சொல்லித் தாங்கள் எழுத வேண்டும். மற்ற மாதங்களில் முகாமுக்குக் கூப்பிட்டால், கடலுக்குப் போகிற நாளை விட்டு யாரும் வரமாட்டார்கள்.

இப்படிக்கு,
மளிகைக் கடைக்காரர் ஒருவர்,
பாம்பன், இராமநாதபுரம் மாவட்டம்.