வைக்கத்தில் கேட்டது தெருவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சமூக சமத்துவப் போராட்டங்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். உழைத்து எழுதப்பட்ட கட்டுரைதான். ஆனால் இன்றைய கேரளத்தில், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் நடந்த வைக்கம் சத்தியாகிரகத்தை அது மூன்று இடங்களில் 'கோயில் நுழைவுப் போராட்டம்' என்று குறிப்பிடுகிறது. மேடைப் பேச்சிலும் பாடக் குறிப்புகளிலும் நெடுங்காலமாக வழங்கிவரும் தவறு இது. ஒரு சொல்தானே என்று விட்டுவிட மனம் வரவில்லை; அந்தச் சொல் மாறும்போது, போராடியவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதே மறைந்துபோகிறது.

1924 மார்ச் 30 அன்று குஞ்ஞப்பி, பாகுலேயன், கோவிந்தப் பணிக்கர் என்ற மூவர் வைக்கம் மகாதேவர் கோயிலை நோக்கி நடந்தார்கள். முதலாமவர் புலையர், இரண்டாமவர் ஈழவர், மூன்றாமவர் நாயர். கோயில் வாசல் வரைகூட அவர்கள் போகவில்லை. போக வேண்டும் என்று கேட்கவும் இல்லை. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களின் முனையில் தாழ்த்தப்பட்ட சாதியினர் இதற்கு மேல் வரக்கூடாது என்று பலகை நட்டிருந்தது. அங்கே காவலர்கள் மூவரையும் நிறுத்திச் சாதியைக் கேட்டார்கள். நாயர் போகலாம், மற்ற இருவரும் போகக்கூடாது என்றார்கள். போனால் மூவரும் சேர்ந்தே போவோம் என்று நின்றதால் மூவரும் கைதானார்கள். ஆக, சண்டை பலகைக்கு இந்தப் பக்கம், தெருவில் நடந்தது.

தெருவைக் கேட்பது கோயிலைக் கேட்பதைவிடச் சிறிய கோரிக்கை என்று சிலர் நினைக்கக்கூடும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கோயிலுக்குப் போகாமல் ஒருவர் வாழ்ந்துவிடலாம். தெருவில் நடக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் நீதிமன்றத்துக்கும் எப்படிப் போவது? அந்தத் தெருக்கள் அரசுப் பணத்தில் பராமரிக்கப்பட்டவை. கிறிஸ்தவரும் முஸ்லிமும் அவற்றில் தடையின்றி நடந்தார்கள். ஆடு மாடுகளும் நடந்தன. அவ்வழியே போக முடியாத ஈழவர் ஒருவர் மதம் மாறிவிட்டால் மறுநாளே போகலாம். இதற்குச் சமயக் காரணம் சொன்னவர்கள் இந்த முரணுக்கு எந்தக் காலத்திலும் நேராகப் பதில் சொன்னதில்லை.

இந்தக் கோரிக்கை வைக்கத்தில் திடீரென முளைத்ததும் அல்ல. 1893-லேயே திருவிதாங்கூரின் புலையர் தலைவர் அய்யன்காளி, தம் மக்களுக்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி ஓட்டிச் சென்றார். வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே 1924-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்து நிறைவேறிய தீர்மானமும் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றைப் பற்றியதே. 1927 மார்ச்சில் மராட்டியத்தின் மகாடில் அம்பேத்கர் அள்ளிக் குடித்ததும் பொதுக்குளத்து நீரைத்தான். எல்லோரும் பயன்படுத்தலாம் என்று அந்தக் குளத்தை நகராட்சி ஏற்கெனவே அறிவித்திருந்தது. தாளில் பொது, நடைமுறையில் சிலருக்கு மட்டும் என்பதே இவ்வூர்கள் எல்லாவற்றிலும் இருந்த நிலை.

கட்டுரை அரை வரியில் கடந்துவிட்ட மற்றொன்று, போராட்டம் நீடித்த காலம்: 603 நாட்கள். தலைவர்கள் அடுத்தடுத்துச் சிறைப்பட்டபோது ஈரோட்டிலிருந்து வந்து பொறுப்பேற்ற பெரியார் இருமுறை சிறை சென்றார். அவர் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்தில் நின்றார்கள். இவை தமிழ் வாசகர்கள் அறிந்தவை. அறியாதது, அந்த நாட்களில் பெரும்பகுதி வெறுமனே நிற்பதிலேயே கழிந்தது என்பது. கைது செய்வதை அரசு நிறுத்திவிட்டுத் தடுப்பு வேலி போட்டது. தொண்டர்கள் நாள்தோறும் வந்து வேலியின் முன் நின்றார்கள். 1924 பெருவெள்ளத்தில் அந்தத் தெருக்கள் மூழ்கியபோதும் முறை மாற்றிக்கொண்டு கழுத்தளவுத் தண்ணீரில் நின்றார்கள். காவலர்கள் படகில் இருந்து வேலியைக் காத்தார்கள். யாருமே நடக்க முடியாத தெருவில் யார் நடக்கக்கூடாது என்பதற்குக் காவல்! கண்ணில் சுண்ணாம்பு தடவப்பட்டுப் பார்வையைப் பறிகொடுத்தவர்களும் உண்டு.

1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் தெருக்களைத் திறந்துவிடும் தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 21, எதிர்ப்பு 22. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான், தெருவைத் திறக்கச் சொல்லி மன்னத்து பத்மநாபன் தலைமையில் மேல்சாதியினரே திருவனந்தபுரத்துக்கு நடந்து சென்று மனுக் கொடுத்திருந்தார்கள். அதையும் மீறி ஒரே வாக்கில் தோற்றது.

அடுத்த மாதம் காந்தி வைக்கம் வந்து, எதிர்ப்பாளர்களை அவர்கள் இடத்திலேயே சந்தித்தார். பிராமணர் அல்லாதவர் என்பதால் இண்டந்துருத்தி மனை என்ற நம்பூதிரி இல்லத்தின் உள்ளே அவரை அனுமதிக்காமல் வெளியே அமரவைத்தே பேசினார்கள். பேச்சில் பலன் இல்லை. ஒருவர் எந்தத் தெருவில் நடக்கலாம் என்பதை முற்பிறவி வினை முடிவு செய்கிறது என்பவரிடம் என்ன பேசுவது?

கட்டுரை 'முழு வெற்றி' என்று முடிகிறது. இதையும் திருத்த வேண்டும். 1925 நவம்பரில் போராட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டபோது நான்கு தெருக்களில் மூன்றே எல்லோருக்கும் திறக்கப்பட்டன. கிழக்குத் தெரு திறக்கப்படவில்லை. கிடைத்தது உடன்பாடு. அதைக் குறைத்துச் சொல்ல நான் முனையவில்லை. மூன்று தெருவும் பெரிதுதான். ஆனால் நான்காவது தெருவைச் சேர்த்துச் சொன்னால்தான், திருவிதாங்கூர் மன்னரின் ஆலயப் பிரவேசப் பிரகடனம் 1936 நவம்பர் 12 அன்று வரும்வரை பதினொரு ஆண்டுகள் காத்திருந்தவர்களின் கணக்குச் சரியாக வரும். கோயில் நுழைவு என்ற சொல் பொருந்துவது அந்தப் பிரகடனத்துக்கே.

கட்டுரையை நூலாகத் தொகுக்கும் எண்ணம் இருப்பதாக ஆசிரியர் குறிப்பில் கண்டேன். அந்த மூன்று இடங்களில் 'தெரு நுழைவு' என்று மாற்றி, கிழக்குத் தெருவைப் பற்றி ஒரு வரியும் சேர்த்துவிட வேண்டுகிறேன். இடமிருந்தால் இன்னொரு வரியும் சேர்க்கலாம்: காந்தியை வெளியே அமரவைத்த அந்த மனை பின்னாளில் கள்ளுத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகமாக மாறியது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்