பாலாடை பிடித்த கைக்கு முதல் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஆண்டிபட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். ரசீதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உதடு பிளந்து பிறந்த எங்கள் பாப்பா இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துவிட்டாள். இதில் எங்களுக்குத் துணை நின்றவர்கள் பலர். பெயர் போட வேண்டாம் என்று அவர்களில் சிலரே கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படித்தால் அவரவருக்குத் தெரியும்.

பிறந்தபோது பாப்பாவுக்கு மேலுதடு இடப்பக்கம் மூக்குத் துவாரம் வரை பிளந்திருந்தது. உள்ளே அண்ணத்திலும், அதாவது வாயின் மேற்கூரையிலும் பிளவு. மார்பில் வைத்தால் பிள்ளைக்கு இழுக்க வரவில்லை. கொஞ்சம் குடித்ததும் மூக்கு வழியாக வந்தது. க.விலக்கு ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருந்த நர்ஸம்மாதான், "வீட்டில் பாலாடை இருக்கா?" என்று கேட்டார். எனக்குப் பால் புகட்டிய, மூக்கு வைத்த சின்ன எவர்சில்வர் கிண்ணமான அந்தப் பாலாடையைப் பரணில் தேடி எடுத்து வந்தார் என் அம்மா. நர்ஸம்மா அதைக் கொதிக்க வைத்து, பிள்ளையை மடியில் ஏறக்குறைய உட்கார்ந்த வாக்கில் நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைப் பிளவு இல்லாத பக்கத்துக் கன்னத்தின் உட்புறம் வைத்துச் சாய்த்தார். ஒரு மடக்கு. விழுங்கும் வரை காத்திருந்து அடுத்த மடக்கு. நடுநடுவே தோளில் போட்டு ஏப்பம். பீச்சிய பால் 30 மில்லி இறங்க முக்கால் மணி நேரம் ஆனது. மூன்று ராத்திரி அவர் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். நான்காம் நாள் என் மனைவி தானாகவே புகட்டினாள். நர்ஸம்மா, அந்தப் பாலாடை இன்னும் பத்திரமாக இருக்கிறது.

அடுத்த நன்றி மதுரை டாக்டரம்மாவுக்கு. அதற்கு முன்னால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். நாங்கள் முதலில் போனது அவரிடம் இல்லை. "கத்தியே படாது, லேசரிலேயே ஒட்டிவிடலாம், தழும்பே தெரியாது" என்று ஒரு தனியார் கிளினிக்கில் சொன்னார்கள். பெண் பிள்ளை ஆயிற்றே, தழும்பு வேண்டாமே என்று 10,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். அந்தப் பணம் போனது போனதுதான்.

டாக்டரம்மா திட்டவில்லை. என் தொழிலைக் கேட்டார். தையல்காரன் என்றதும் ஒரு தாளை எடுத்து உதட்டை வரைந்து, எங்கே வெட்டுவார்கள் என்று கோடு போட்டுக் காட்டினார். பிளவின் ஒரு பக்கம் மேலே ஏறி நிற்கிறது, அதை வெட்டிக் கீழே திருப்ப வேண்டும். மறுபக்கத்தை அந்த இடைவெளிக்குள் நகர்த்தி வைக்க வேண்டும். மில்லார்ட் என்ற அமெரிக்க டாக்டர் 1950களில் கொண்டுவந்த முறையாம். "உள்ளே லைனிங், நடுவில் கேன்வாஸ், மேலே துணி. மூன்றையும் தனித்தனியாகத் தைக்கணும். வாயைச் சுற்றி இருக்கிற தசைதான் கேன்வாஸ், அது சேராவிட்டால் மேலே எவ்வளவு அழகாகத் தைத்தாலும் சிரிக்கும்போது இழுக்கும். லேசர் அதையெல்லாம் சேர்க்காது" என்றார். இருபது வருடமாக கோட் தைக்கிறவனுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையா?

இன்னொன்றும் செய்தார், அதற்குத்தான் என் மனைவி அவரைத் தினமும் நினைக்கிறாள். கிரகணத்தன்று இவள் வெங்காயம் நறுக்கினாள், அதனால்தான் இப்படி என்று வீட்டில் பேச்சு இருந்தது. பேசியவர்களில் என் அம்மாவும் உண்டு, வாயை மூடிக்கொண்டிருந்த நானும் உண்டு. டாக்டரம்மா என் அம்மாவை உட்காரவைத்து, "மேலுதடு கர்ப்பத்தில் ஏழு வாரத்துக்குள் சேர்ந்துவிடும் பாட்டி, பல பேருக்கு முழுகாமல் இருப்பதே அப்போதுதான் தெரியும். உலகம் முழுக்க ஏறக்குறைய 700 பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படி இருக்கு, கிரகணமே பார்க்காத ஊரிலும்" என்றார். பஸ்ஸில் வரும்போது அம்மா ஒன்றும் பேசவில்லை. உசிலம்பட்டி தாண்டிக் கணவாய் ஏறும்போது பிள்ளையை என் மனைவி மடியிலிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

உதடு ஆபரேஷனுக்குப் பிள்ளைக்குப் பத்து வாரம் ஆகணும், நாலரைக் கிலோ வரணும், ரத்தத்தில் ஹீமோகுளோபின் பத்து இருக்கணும் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். எடை பார்க்கவே அங்கன்வாடி டீச்சர் வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்தார். மூன்றரை மாதத்தில் உதடு ஆபரேஷன், பதினோராவது மாதம் அண்ணம். செலவை ஸ்மைல் ட்ரெய்ன் அறக்கட்டளை ஏற்றுக்கொண்டது, நாங்கள் கட்டியது பஸ் காசுதான். தையலைப் பிய்த்துக்கொள்ளாமல் இருக்கக் கைமுட்டியை மடக்க விடாமல் அட்டை வைத்துக் கட்டிவிட்டார்கள். அழுத பிள்ளையை ராத்திரி முழுக்கத் தூக்கி நடந்த பக்கத்துக் கட்டில் திண்டுக்கல் அக்கா, உங்கள் பையன் எப்படி இருக்கிறான்? நம்பர் தொலைந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த தம்பிக்கும் சொல்ல வேண்டும். "ப" சொல்ல வைக்க ஊதி அணைத்த மெழுகுவர்த்திகளுக்கு மட்டும் தனிக் கணக்கு எழுதலாம். ஐந்து வயதில் உதட்டு ஓரத்தைச் சின்னதாகச் சரி செய்தார்கள். அந்தத் தழும்பு மட்டும் சிவந்தே இருந்தது. அப்போது டாக்டரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கள் கேட்ட லேசருக்கு இப்போதுதான் வேலை வந்திருக்கு."

சிவப்பு ரத்தக் குழாய்களைத் தேடிப் பிடிக்கும் ஒளியாம், சுற்றியுள்ள தோலைப் பெரிதாகத் தொடாதாம். மரக்க வைக்கும் கிரீம் தடவி, கண்ணை மூடி மறைத்து, சில நிமிட வேலை. ரப்பர் பேண்டைச் சுண்டிவிட்ட மாதிரி இருந்தது என்றாள் பாப்பா. ஒரு வாரம் ஊதா நிறத்தில் கன்றிப்போய், அப்புறம் வெளுத்தது. மூன்று முறை செய்தார்கள். கோடு இருக்கிறது, உற்றுப் பார்த்தால் தெரியும். இன்னும் முடியவில்லை, எட்டு வயதுக்கு மேல் ஈறில் எலும்பு வைக்கும் ஆபரேஷன் ஒன்று பாக்கி. சரி, பார்த்துக்கொள்ளலாம்.

டாக்டரம்மா, உங்கள் வெள்ளை கோட்டில் இடது பாக்கெட் ஓரம் தையல் விட்டிருக்கிறது. மூன்று லேசர் நாளிலும் கவனித்தேன், கேட்கக் கூச்சமாக இருந்தது. அடுத்த செக்கப்புக்கு ஊசி நூலோடு வருகிறேன். கழற்றிக் கொடுத்தால் போதும், ஐந்து நிமிடம்.